வாத்துக்கும் ஒரு 'லைஃப் லிஸ்ட்': பார்த்ததை எழுதி வைப்பது ஏன் முக்கியம்?

ஜனவரி பிறந்தால் போதும், தமிழ்நாட்டு ஏரிக் கரைகளில் ஒரு சிறு கூட்டத்தைப் பார்க்கலாம். கழுத்தில் பைனாகுலர், கையில் செல்போன். தண்ணீரில் மிதக்கும் நூற்றுக்கணக்கான புள்ளிகளில் ஒன்றைக் காட்டி, "அதோ பாருங்க, வலது ஓரத்துல ஊசிவால் வாத்து. எனக்கு இது லைஃபர்" என்று ஒருவர் கிசுகிசுப்பார். பக்கத்தில் இருப்பவர்கள் கைகுலுக்குவார்கள்.

வாத்தைப் பார்த்ததற்கு எதற்குக் கைகுலுக்கல்? அது என்ன லைஃபர்? அதை எழுதி வைப்பதால் யாருக்கு என்ன லாபம்?

லைஃப் லிஸ்ட் என்றால் என்ன?

ஒருவர் தன் வாழ்நாளில் பார்த்த பறவை இனங்களின் பட்டியல்தான் 'லைஃப் லிஸ்ட்'. ஓர் இனத்தை முதன்முறை பார்க்கும்போது அது பட்டியலில் புதிதாக ஏறும். அந்தப் பறவைதான் 'லைஃபர்'. அடுத்த முறை அதே இனத்தை ஆயிரம் பார்த்தாலும் பட்டியலின் நீளம் கூடாது.

உலகில் இதைத் தீவிரமாகச் செய்பவர்கள் உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த ஃபீபி ஸ்னெட்சிங்கருக்கு 1981-ல் தோல் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. அதன் பிறகும் அவர் நாடு நாடாகச் சென்று, 8,000 இனங்களைத் தாண்டிய முதல் நபர் ஆனார். 2024 பிப்ரவரியில் முன்னாள் அமெரிக்கத் தூதரக அதிகாரி பீட்டர் கேஸ்ட்னர் 10,000 என்ற எண்ணைத் தொட்டார்.

அவ்வளவு தூரம் போக எல்லாருக்கும் விடுமுறையும் கிடையாது, பணமும் கிடையாது. அதனால்தான் பலர் ஒரே ஒரு பறவைக் குடும்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பட்டியல் போடுகிறார்கள். ஆந்தைகளுக்கு ஒரு பட்டியல், மரங்கொத்திகளுக்கு ஒன்று, வாத்துகளுக்கு ஒன்று.

ஏன் வாத்துகள்?

ஆங்கிலத்தில் டக், கூஸ், ஸ்வான் என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. நம் பேச்சு வழக்கில் முதல் இரண்டும் வாத்துதான், மூன்றாவது அன்னம். மூன்றும் ஒரே குடும்பம். உலகம் முழுக்கச் சேர்த்து சுமார் 170 இனங்கள். இந்தியாவில் 40-க்கும் மேற்பட்டவை பதிவாகியுள்ளன. ஒருவர் தன் வாழ்நாளில் கணிசமான பகுதியைப் பார்த்துவிடக்கூடிய எண்ணிக்கை இது.

இன்னொரு வசதி, வாத்துகள் திறந்த நீர்ப்பரப்பில் இருக்கும். காட்டுக்குள் இலை மறைவில் ஒளிந்து விளையாடாது. காலையில் ஏரிக் கரைக்குப் போய் நின்றால், ஆபீஸ் நேரத்துக்குள் திரும்பிவிடலாம்.

எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது?

இங்கேதான் புதியவர்கள் சறுக்குவார்கள். அமெரிக்கன் பேர்டிங் அசோசியேஷன் வகுத்த விதிகளைப் பலரும் பின்பற்றுகிறார்கள். சுருக்கமாகச் சொன்னால்: பறவை உயிரோடு இருக்க வேண்டும், காட்டுப் பறவையாக இருக்க வேண்டும், யாரும் அடைத்துவைக்காத பறவையாக இருக்க வேண்டும். அது இந்த இனம்தான் என்று உறுதிசெய்யும் அடையாளங்களைப் பார்த்திருக்கவும் வேண்டும்.

அறுவடை முடிந்த வயலில் ஆயிரக்கணக்கில் ஓட்டி மேய்க்கப்படும் வாத்துகள் கணக்கில் வராது. வீட்டு வாத்துகளில் பெரும்பாலானவை மல்லார்டு என்ற காட்டு வாத்திலிருந்து வந்தவை. ஆனாலும் அவை வளர்ப்புப் பறவைகள். பூங்காக் குளத்தில் நீந்தும் அன்னமும், உயிரியல் பூங்காவில் இருக்கும் கறுப்பு அன்னமும் அப்படித்தான். போட்டோ எடுக்கலாம், பட்டியலில் சேர்க்க முடியாது.

நீந்துவதெல்லாம் வாத்தும் இல்லை. கறுப்பு உடலும் நெற்றியில் வெள்ளை நாமமுமாக மிதக்கும் நாமக்கோழி வேறு குடும்பம். குட்டி வாத்துபோலத் தெரிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே முங்கிக் காணாமல் போகும் முக்குளிப்பானும் வேறு குடும்பம். நீர்க்காகமும் அப்படியே. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தமிழ்நாட்டில் எவற்றைப் பார்க்கலாம்?

முதலில் இங்கேயே ஆண்டு முழுக்க வாழ்பவை.

புள்ளிமூக்கு வாத்து: கறுப்பு அலகு, அதன் நுனியில் மஞ்சள், அடியில் சிவப்புப் புள்ளி. நகரத்து ஏரிகளில்கூடக் கண்ணில் படும்.

சீழ்க்கைச் சிறகி: பழுப்பு நிறம். பறக்கும்போது விசில் அடிப்பதுபோலக் குரல் கொடுக்கும். பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

குள்ளத்தாரா: ஆங்கிலப் பெயரில் 'கூஸ்' என்று இருந்தாலும் இது உலகின் மிகச் சிறிய வாத்துகளில் ஒன்று. மரப் பொந்தில் கூடு கட்டும்.

அடுத்து, குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் விருந்தாளிகள்.

நீலச்சிறகி: ஆணுக்குக் கண்ணுக்கு மேலே அகலமான வெள்ளைப் புருவம்.

ஊசிவால் வாத்து: ஆணுக்குச் சாக்லேட் நிறத் தலை, நீண்டு கூர்மையான வால்.

தட்டைவாயன்: கரண்டிபோல அகன்ற அலகு. ஆண், பெண் இரண்டையும் அலகை வைத்தே சொல்லிவிடலாம்.

நாமத்தலை வாத்து: ஆணின் செம்பழுப்புத் தலையில், நெற்றி மட்டும் வெளிர் மஞ்சள்.

கிளுவை: சின்ன உடல். ஆணின் தலையில் கண்ணைச் சுற்றிப் பச்சைப் பட்டை.

இந்தப் பட்டியலின் நட்சத்திரம் வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடுகள். மங்கோலியா, திபெத் பகுதிகளில் இனப்பெருக்கம் செய்துவிட்டு, இமயமலையைத் தாண்டித் தெற்கே வருகிறது. கருவி பொருத்தி ஆராய்ந்ததில், 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அவை பறந்தது பதிவாகியுள்ளது. மங்கோலியாவில் கழுத்துப் பட்டை மாட்டப்பட்ட வரித்தலை வாத்துகள் கர்நாடக ஏரிகளில் தென்பட்டிருக்கின்றன. தமிழ்நாட்டில் இவற்றைப் பார்க்க விரும்புவோர் திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துக்குப் போகிறார்கள்.

சென்னைவாசிகளுக்குப் பள்ளிக்கரணை, செங்கல்பட்டு மாவட்டத்தில் வேடந்தாங்கல். இந்த மூன்று இடங்களுமே ராம்சார் பட்டியலில் உள்ள ஈரநிலங்கள்.

எப்போது போனால் நல்லது?

வடகிழக்குப் பருவமழையில் ஏரி, குளங்கள் நிரம்பிய பிறகு, நவம்பர் முதல் மார்ச் வரை. அதிலும் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை புதியவர்களுக்கு நல்ல நேரம். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

ஆண் வாத்து எப்போதும் பளிச்சென்று இருக்காது. இனப்பெருக்கம் முடிந்ததும் வண்ண இறகுகளை உதிர்த்துவிட்டு, பெண் வாத்துபோன்ற மங்கலான பழுப்பு நிறத்துக்கு மாறிவிடும். பறப்பதற்கான இறகுகளும் ஒரே சமயத்தில் உதிர்வதால், சில வாரங்கள் அதனால் பறக்கவே முடியாது. அந்த நேரத்தில் எதிரியின் கண்ணில் படாமல் இருக்க இந்த மங்கல் வேடம் உதவுகிறது. செப்டம்பர், அக்டோபரில் நம் பக்கம் வந்து சேரும் ஆண்களில் பல இன்னும் அந்த வேடத்தைக் கலைத்திருக்காது. "எல்லாமே பெண் வாத்தா இருக்கே!" என்று புதியவர்கள் குழம்புவது இதனால்தான். குளிர்காலம் முன்னேற முன்னேற வண்ணம் திரும்பிவிடும்.

பட்டியல் தானாக நீளுமா?

நீளும், சுருங்கவும் செய்யும். ஒரே இனம் என்று நினைத்திருந்ததை, ஆய்வுக்குப் பிறகு விஞ்ஞானிகள் இரண்டாகப் பிரிப்பதுண்டு. வட அமெரிக்காவின் கனடா வாத்திலிருந்து 2004-ல் 'கேக்ளிங் கூஸ்' என்ற சிறிய வாத்து தனி இனமாகப் பிரிக்கப்பட்டது. இரண்டு வடிவங்களையும் ஏற்கெனவே பார்த்துக் குறித்து வைத்திருந்தவர்களுக்கு, வீட்டு சோபாவில் உட்கார்ந்தபடியே ஒரு புதிய இனம் கிடைத்தது. நம்மூர்ப் புள்ளிமூக்கு வாத்தும் கிழக்காசியாவில் உள்ள அதன் உறவினரும் ஒரு காலத்தில் ஒரே இனமாகவே கருதப்பட்டன.

'கனடா வாத்து, ஒன்று' என்று மட்டும் எழுதியிருந்தவர்களுக்கு இந்த லாபம் கிடைக்கவில்லை. பெயரோடு இடம், தேதி, உருவ அளவு, அலகு எல்லாம் குறித்தவர்களுக்கே கிடைத்தது.

அன்னத்தை எங்கே பார்ப்பது?

நம் கதைகளில் அன்னத்துக்குக் குறைவே இல்லை. நளனுக்கும் தமயந்திக்கும் தூது போனது அன்னம். பாலையும் நீரையும் பிரிப்பதாகச் சொல்லப்படுவதும் அன்னம்தான். ஆனால் ஸ்வான் என்று இன்று அழைக்கப்படும் பறவையைத் தமிழ்நாட்டு ஏரியில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். இந்தியாவுக்கே அது அரிதாக, வழிதவறி வரும் பறவை. அதுவும் வடக்குப் பக்கம்தான். கதையில் வரும் அன்னம், உண்மையில் வரித்தலை வாத்தாக இருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு.

உலகில் ஸ்வான் இனங்கள் ஆறு. வேலைக்காக வெளிநாடு போகிறவர்களுக்கு வாய்ப்பு அதிகம். பிரிட்டன் ஆற்றங்கரைகளில் வெள்ளை அன்னம் சாதாரணம். ஆஸ்திரேலியாவில் கறுப்பு அன்னம். ஜப்பானில் குளிர்காலத்தில் ஹூப்பர் அன்னம்.

சரி, இதனால் யாருக்கு லாபம்?

இதுவரை சொன்னதெல்லாம் தனிப்பட்ட மகிழ்ச்சி. ஆனால் அதே பட்டியலைக் கொஞ்சம் மாற்றி எழுதினால், அது பறவைகளுக்கே உதவும் ஆவணமாகிவிடும்.

2023-ல் வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 942 இனங்களை ஆராய்ந்தது. அதற்கு அடிப்படையாக இருந்தவை 30,000-க்கும் அதிகமான பறவை நோக்கர்கள் 'இ-பேர்ட்' தளத்தில் பதிந்த சுமார் 3 கோடி பதிவுகள். இவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் இல்லை. விடுமுறை நாளில் ஏரிக் கரைக்குப் போனவர்கள். அந்த அறிக்கை சொன்ன கவலைக்குரிய செய்திகளில் ஒன்று, அதிகம் குறைந்துவரும் பறவைக் குழுக்களில் வாத்துகளும் அடங்கும் என்பது.

இது எப்படித் தெரிந்தது? உதாரணத்துக்கு, ஒரு பகுதியிலிருந்து 100 பட்டியல்கள் வருகின்றன. அவற்றில் 30-ல் ஊசிவால் வாத்து இருக்கிறது. சில ஆண்டுகள் கழித்து அதே அளவு பட்டியல்களில் 15-ல்தான் அது இருக்கிறது என்றால், ஏதோ தவறு நடக்கிறது என்று அர்த்தம். ஆனால் இந்தக் கணக்கு சரியாக வர வேண்டுமானால், பார்த்த எல்லாப் பறவைகளையும் எழுதியிருக்க வேண்டும். 'ஊசிவால்தான் ஏற்கெனவே லிஸ்ட்ல இருக்கே' என்று விட்டுவிட்டால், அது குறைவதும் யாருக்கும் தெரியாது.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியாவிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு: இளஞ்சிவப்புத் தலை வாத்து. கங்கைச் சமவெளியின் சதுப்பு நிலங்களில் வாழ்ந்த பறவை. 1949-க்குப் பிறகு உறுதியான பதிவே இல்லை. எந்த ஏரியில், எந்த ஆண்டில், எத்தனை இருந்தன, எப்போது குறையத் தொடங்கின என்று தொடர்ந்து எண்ணிய கணக்கு கிடையாது. அதனால் அது எப்படி மறைந்தது என்பதைத் துல்லியமாகச் சொல்லவே முடியவில்லை.

எப்படித் தொடங்குவது?

1. வீட்டுக்கு அருகிலுள்ள ஓர் ஏரியைத் தேர்ந்தெடுங்கள். தூரத்து சரணாலயத்துக்கு ஒரு முறை போவதைவிட, பக்கத்துக் குளத்துக்கு மாதம் இரு முறை போவது பயன் தரும்.

2. 8 மடங்கு பெரிதாகக் காட்டும் பைனாகுலர் போதும். விலை உயர்ந்த கேமரா கட்டாயமில்லை.

3. 'இ-பேர்ட்' செயலியில் கணக்கு தொடங்குங்கள். இலவசம். நீங்கள் போடும் ஒவ்வொரு பட்டியலிலிருந்தும் உங்கள் லைஃப் லிஸ்ட்டை அதுவே தயாரித்துவிடும். வழக்கத்துக்கு மாறான பதிவு என்றால், தன்னார்வலர்கள் விவரம் கேட்பார்கள். அதைச் சந்தேகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்லாருக்கும் அதுதான் நடைமுறை.

4. பெயரோடு எண்ணிக்கையும் எழுதுங்கள். 500 வாத்துகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. பத்து பறவைகளை எண்ணி, அந்தக் கூட்டம் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அதை வைத்து மீதியை மதிப்பிடலாம்.

5. தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். 'வாத்து இனம், அடையாளம் தெரியவில்லை' என்று பதியவும் செயலியில் வசதி உண்டு. ஊகித்து எழுதிய ஒரு பெயரைவிட அது மதிப்புள்ளது.

6. போட்டோவுக்காக நெருங்கிப் போய்க் கூட்டத்தை எழுப்பிவிடாதீர்கள். பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த பறவை, திரும்பிப் போவதற்கான கொழுப்பை இங்கேதான் சேர்க்கிறது. ஒவ்வொரு முறை விரட்டப்படும்போதும் அந்தச் சேமிப்பு கரைகிறது.

தனியாகப் போகத் தயக்கமா? 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 'பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு' நடத்துகிறார்கள். அனுபவசாலிகள் பக்கத்தில் இருப்பார்கள், பெயர் தெரியாவிட்டால் கேட்டுக்கொள்ளலாம்.

முதல் நாளில் புள்ளிமூக்கு வாத்தும் சீழ்க்கைச் சிறகியும் மட்டுமே கிடைத்தாலும் பரவாயில்லை, இரண்டையும் எண்ணி எழுதுங்கள். அடுத்த மாதம் அதே ஏரிக்குப் போகும்போது, அவற்றைப் புதிய இனமாகச் சேர்க்க முடியாது. ஆனாலும் மறுபடி எண்ணி எழுதுங்கள். அந்த ஏரியில் தண்ணீர் குறைந்தாலோ, குப்பை கூடினாலோ, முன்பு எத்தனை பறவைகள் இருந்தன என்று யாராவது கேட்கும் நாள் வரும். அப்போது காட்டுவதற்கு அந்த இரண்டாவது, மூன்றாவது பதிவுகள்தான் கையில் இருக்கும்.