வாசலில் நின்று எண்ணுபவர்கள்

பெங்களூருவின் அல்சூரிலோ சிவாஜிநகரிலோ உள்ள ஒரு பழைய கட்டடத்தை மனத்தில் கொள்ளுங்கள். தரைத்தளத்தில் ஒரு தையற்கடை. பக்கவாட்டுப் படியில் ஏறினால் முதல் மாடியில் இரண்டு குடித்தனங்கள். மொட்டை மாடியில் தகரக் கூரை வேய்ந்த ஓர் அறை. அதில் உணவகங்களில் வேலை பார்க்கும் நான்கு இளைஞர்கள். தெருவில் போகிறவருக்கு இது ஒரு கட்டடம். தபால்காரருக்கு ஒரு கதவிலக்கம். கையில் கருவியுடன் வந்து நிற்கும் கணக்கெடுப்பாளருக்கோ, இங்கே எத்தனை வீடுகள், எத்தனை குடும்பங்கள் என்பதே முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி.

விதி தெளிவாகவே இருக்கிறது. சாலையிலிருந்தோ, முற்றத்திலிருந்தோ, படிக்கட்டிலிருந்தோ தனக்கென முதன்மை வாயில் கொண்டு, தனி அலகாகப் பயன்படும் கட்டடப் பகுதி எதுவும் ஒரு ‘கணக்கெடுப்பு வீடு’. ஆகவே ஒருவரும் வசிக்காத தையற்கடையும் கணக்கில் ஒரு வீடுதான். குடும்பத்தைத் தீர்மானிப்பது உறவு அன்று, அடுப்பு. ஒன்றாக வாழ்ந்து ஒரே சமையலில் உண்பவர்கள் ஒரு குடும்பம். மாடி அறை இளைஞர்கள் நால்வரும் முறைவைத்துச் சமைத்துச் சேர்ந்து உண்டால் ஒரு குடும்பம். அவரவர் வேலை பார்க்கும் இடத்தில் தனித்தனியே உண்டுவிட்டு உறங்க மட்டும் அறைக்கு வந்தால், அந்த ஓர் அறைக்குள் நான்கு குடும்பங்கள். “சாப்பாடு எங்கே?” என்று கணக்கெடுப்பாளர் கேட்பது விருந்தோம்பலை எதிர்பார்த்து அன்று.

இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட வாசல்கள் சேர்ந்தது ஒரு கணக்கெடுப்புத் தொகுதி. அதற்கு ஒரு கணக்கெடுப்பாளர். ஆறு கணக்கெடுப்பாளர்களுக்கு ஒரு மேற்பார்வையாளர். கேள்வி கேட்பதற்கு முன் அவர் தம் பகுதியை முழுவதும் நடந்து பார்த்து வரைபடம் வரைய வேண்டும். 2011 வரை இது காகிதத்தில் நடந்தது. கெட்டியான கட்டடத்துக்குச் சதுரம், ஓலையோ மண்ணோ ஆனதற்கு முக்கோணம், குடியிருப்பு அல்லாததற்குள் குறுக்குக் கோடுகள். நிலைப்படியில் எழுதிய எண் சுண்ணாம்பு அடிக்கும் வரை அழியாமல் கிடந்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எனக்கு அந்த எண்கள் மீது சிறு வயதிலிருந்தே ஒரு மரியாதை உண்டு. யாரோ ஒருவர் நம்மை நேரில் வந்து பார்த்துச் சென்றதற்கு அவை அடையாளம்.

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாப் பெருந்தொற்றால் தள்ளிப்போயிற்று. 2025 ஜூன் 16 அன்று வெளியான அறிவிக்கையின்படி, 2027 மார்ச் 1 நள்ளிரவே புதிய கணக்கெடுப்பின் குறிப்பு நேரம். (பனி மூடும் மலைப் பகுதிகளுக்கு மட்டும் 2026 அக்டோபர் 1.) வீட்டுப் பட்டியல் பணிக்கு 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலும், மக்களை எண்ணுவதற்கு 2027 பிப்ரவரியும் ஒதுக்கப்பட்டுள்ளன. காகிதத்தின் இடத்தில் கைப்பேசிச் செயலி. விரும்புவோர் இணையதளத்தில் தாமே விவரங்களைப் பதிவு செய்து, கிடைக்கும் அடையாள எண்ணைக் கணக்கெடுப்பாளர் வரும்போது காட்டலாம். இதற்கென மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தொகை 11,718 கோடி ரூபாய். களத்தில் இறங்குவோர் சுமார் 30 லட்சம் பேர்.

இந்தத் தாமதத்தின் விலை பெங்களூருக்கு நன்றாகத் தெரியும். 2011 கணக்கின்படி பெங்களூரு நகர மாவட்டத்தின் மக்கள் தொகை 96,21,551. அதற்கு முந்தைய பத்தாண்டில் மட்டும் அது 47 விழுக்காடு வளர்ந்திருந்தது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஊரகத்தில் 75 விழுக்காட்டினர் வரை, நகரத்தில் 50 விழுக்காட்டினர் வரை என்று பயனாளிகளின் அளவை வகுத்தபோது, கைக்கொண்டது 2011இன் எண்ணிக்கையைத்தான். அதற்குப் பின் ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் கட்டடம் எழுப்ப வந்தவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும் அந்தக் கணக்கில் இல்லை.

இந்நகரில் எண்ணுவதன் உண்மையான கடினம் அவர்களிடமே தொடங்குகிறது. ஒருவர் தம் வழக்கமான இருப்பிடத்தில் எண்ணப்பட வேண்டும். ஆனால் கணக்கெடுப்புக் காலம் முழுவதும் அங்கே இல்லாதவர் அன்று எங்கே இருக்கிறாரோ அங்கேதான் எண்ணப்பட வேண்டும் என்பது 2011இல் பின்பற்றப்பட்ட முறை. கிருஷ்ணகிரியிலிருந்தோ ராய்ச்சூரிலிருந்தோ வந்து, மாதக் கணக்கில் கட்டடப் பணியிடத்துத் தகரக் கொட்டகையில் தங்கும் ஒரு தம்பதியை எண்ணிப் பாருங்கள். ஊரில் உள்ள தாய், “அவர்கள் பெங்களூருவில் இருக்கிறார்கள்” என்பார். இங்கே உள்ள காவலாளி, “இவர்கள் இந்த ஊர்க்காரர்கள் இல்லை” என்பார். இரண்டும் உண்மை. இரண்டு இடத்திலும் கணக்கெடுப்பாளர் அதை ஏற்றுத் திரும்பிவிட்டால் அந்த இருவரும் இந்தியாவிலேயே இல்லாதவர்கள் ஆகிவிடுவர். அடுக்குமாடி வளாகங்களில் சிக்கல் வேறு விதம். அங்கே எல்லோருக்கும் முகவரி உண்டு, வாயிற்கதவுதான் திறப்பதில்லை.

2025 செப்டம்பர் 22 அன்று கர்நாடகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் ஆணையம் தொடங்கிய சமூக, கல்வி ஆய்வு இதற்கு ஒரு முன்னோட்டம் போல் அமைந்தது. 60 கேள்விகள், களப்பணியில் பெரும்பாலும் ஆசிரியர்கள். பெங்களூருவில் சில நாள்கள் பிந்தியே பணி தொடங்கியது. வீடுகளை அடையாளம் காண மின் இணைப்பு மீட்டரை ஆதாரமாகக் கொண்டனர். நல்ல யோசனைதான். ஆனால் ஒரே மீட்டரில் மூன்று குடித்தனங்கள் வாழும் சந்துகளில், மீட்டரைக் கண்டுபிடித்தவருக்கு வேலை அப்போதுதான் தொடங்கும்.

கதவு திறந்த பின் கேட்கப்படும் கேள்விகளும் தோற்றத்தில் இருப்பது போல் எளியவை அல்ல. வயதை எடுத்துக்கொள்ளுங்கள். “நாற்பது இருக்கும்” என்பதே பலருடைய விடை. நம் நாட்டு வயதுப் பட்டியல்களில் 30, 35, 40 போன்ற எண்களில் மட்டும் கூட்டம் மலைபோல் நிற்பது இதனால்தான். அப்போது கணக்கெடுப்பாளர் நாள்காட்டியை விட்டு நினைவுகளுக்குப் போவார். நெருக்கடி நிலையின்போது பள்ளியில் படித்தீர்களா? இந்திரா காந்தி இறந்தபோது மணமாகிவிட்டதா?

பெயரிலும் தடை உண்டு. 1948ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கெடுப்புச் சட்டம், கேள்விகளுக்கு விடையளிப்பதைக் கடமையாக்குகிறது. ஆனால் அதன் 8ஆம் பிரிவு ஒரு விலக்கையும் தருகிறது: கணவரின் பெயரையோ, வழக்கப்படி சொல்லக் கூடாத வேறு எவருடைய பெயரையோ சொல்லும்படி எந்தப் பெண்ணும் கட்டாயப்படுத்தப்பட மாட்டாள். சட்டப் புத்தகங்களில் இவ்வளவு வீட்டு வாசனை வீசும் வரிகள் அரிது. நம் பாட்டிமார்கள் “ஆறு முகம் கொண்ட சாமி பேரு” என்று குறிப்புக் காட்டி, பேரப்பிள்ளையைச் சொல்ல வைத்துத் தப்பித்தார்கள். சட்டமே தங்கள் பக்கம் நின்றதை அவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

பெங்களூருத் தமிழர்களுக்கு மிக நெருக்கமான கேள்வி தாய்மொழி. இந்நகரில் கன்னடத்துக்கு அடுத்தபடியாக அதிகம் பேர் தாய்மொழியாகக் குறித்தது தமிழையே. கணக்கெடுப்பின் இலக்கணப்படி, ஒருவருடைய குழந்தைப் பருவத்தில் அவருடைய தாய் அவரிடம் பேசிய மொழியே தாய்மொழி. தாய் முன்பே இறந்திருந்தால், அப்போது வீட்டில் பெரிதும் பேசப்பட்ட மொழி. படித்த மொழியோ, இன்று அலுவலகத்தில் பேசும் மொழியோ அன்று. மர்ஃபி டவுனில் மூன்று தலைமுறையாக வாழ்ந்து, தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமும் பேசும் ஒரு பிள்ளையின் விடை அவனுடைய அம்மா அவனைக் கொஞ்சிய சொற்களில் இருக்கிறது. தாமறிந்த வேறு இரண்டு மொழிகளைக் குறிக்கவும் இடமுண்டு. சொல்லப்பட்டதை அப்படியே எழுதுவது கணக்கெடுப்பாளரின் கடமை, “அது மொழியா, வட்டார வழக்கா?” என்று வாதிட அவருக்கு உரிமையில்லை.

இவ்வளவும் செய்த பின்னும் சிலர் விடுபடுவர். எத்தனை பேர் விடுபட்டனர் என்பதைக் கண்டறியவும் வழி உண்டு. இந்திய மக்கள்தொகையியல் அறிஞர் சி. சந்திரசேகரனும், பின்னாளில் தரக் கட்டுப்பாட்டுக்காக ஜப்பானில் புகழ்பெற்ற எட்வர்ட்ஸ் டெமிங்கும் 1949இல் வெளியிட்ட முறை அது. வங்கியில் பாஸ்புக்கையும் பேரேட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதைப் போன்றது. ஒரு படி மேலே போகிறது. ஒரு தெருவில் முதலில் சென்றவர் 90 பேரை எழுதினார் என்று கொள்வோம். அவருடைய பட்டியலைப் பார்க்காத இன்னொருவர் தனியே சென்று 80 பேரை எழுதினார். இரு பட்டியலிலும் உள்ளவர் 72. அதாவது, இரண்டாமவர் கண்ட 80 பேரில் பத்துக்கு ஒன்பது பேரை முதலாமவரும் கண்டிருக்கிறார். அப்படியானால் அவர் கண்ட 90 பேர் தெருவின் மொத்தத்திலும் பத்தில் ஒன்பது பங்கு, மொத்தம் 100. இரு பட்டியல்களிலும் சேர்த்து 98 பெயர்களே உள்ளன. இருவர் கண்ணிலும் படாத அந்த இரண்டு பேரைக் காணாமலேயே எண்ணிவிடுகிறது இம்முறை. இதே சந்திரசேகரன் பங்கேற்ற மைசூர் மக்கள்தொகை ஆய்வை 1951-52இல் ஐக்கிய நாடுகள் அவையும் இந்திய அரசும் இணைந்து நடத்தின. பெங்களூரு நகரமும் அதன் களங்களுள் ஒன்று.

ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பின்னும் இதே கருத்தின் வழியில் ஒரு மறு ஆய்வு நடக்கிறது. 2011க்குப் பின் நடந்ததில், ஆயிரம் பேருக்கு 23 பேர் விடுபட்டதாகத் தெரிந்தது. 121 கோடி மக்கள் உள்ள நாட்டில் அது சுமார் 2.8 கோடி.

எண்கள் இழப்பையும் பேசும். பெங்களூருவின் பேட்டைப் பகுதியும் தமிழர் நிறைந்த தண்டுப் பகுதியும் தனித்தனியே எண்ணப்பட்ட காலத்தில், இரண்டும் சேர்ந்து 1891இல் சுமார் 1,80,000 பேர். 1901இல் சுமார் 1,59,000. இடையில் 1898இல் பிளேக் நோய் வந்தது. அக்காலத்தில் எண்ணுவது ஒரே இரவில் நடந்தது. விளக்கை ஏந்தி வீடு வீடாகச் சென்றவர்கள் பூட்டிக் கிடந்த கதவுகளையும் கடந்துதான் போயிருப்பார்கள்.

“கணக்கெடுப்பு வேலைக்கு எப்படி விண்ணப்பிப்பது?” என்று கேட்கும் இளைஞர்களுக்கு நேரான விடை: களத்தில் எண்ணும் பணிக்கு விண்ணப்பம் இல்லை. அரசுப் பள்ளி ஆசிரியர்களும் அரசு, உள்ளாட்சி ஊழியர்களும் சட்டப்படி நியமிக்கப்படுகின்றனர். வழக்கமான பணியோடு இதையும் செய்து மதிப்பூதியம் பெறுகின்றனர். 2027 பணிக்காக உள்ளூர் அளவில் சுமார் 18,600 தொழில்நுட்பப் பணியாளர்களை ஏறத்தாழ 550 நாள்களுக்கு அமர்த்தவும் திட்டம் உண்டு. நிலையான பணியை நாடுவோர், பணியாளர் தேர்வாணையத்தின் ஒருங்கிணைந்த பட்டதாரி நிலைத் தேர்வு வழியாக இளநிலைப் புள்ளியியல் அலுவலர், புள்ளியியல் ஆய்வாளர் பதவிகளுக்கு முயலலாம். புள்ளியியலில் ஆழ்ந்தவர்களுக்கு மத்தியத் தேர்வாணையத்தின் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு இருக்கிறது. கணக்கெடுப்புப் பணியாணை தருவதாகச் சொல்லி யாராவது யு.பி.ஐ. வழியே முன்பணம் கேட்டால், அது மோசடி என்றே கொள்ளுங்கள். பணத்தை இழந்திருந்தால் தயங்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

வாசலுக்கு வருபவரிடம் அடையாள அட்டையைக் கேட்பது அவமதிப்பு ஆகாது. கணக்கு எண், ஒருமுறைக் கடவுச்சொல், அட்டை விவரம் எதுவும் கணக்கெடுப்பில் கேட்கப்படாது. 2011இல் வங்கி பற்றி ஒரே ஒரு கேள்வி இருந்தது: இக்குடும்பம் வங்கிச் சேவையைப் பயன்படுத்துகிறதா, இல்லையா? 58.7 விழுக்காடு குடும்பங்கள் ‘ஆம்’ என்றன. 2001இல் அது 35.5 மட்டுமே. வீட்டுப் பட்டியலுக்கு இப்போது அறிவிக்கப்பட்டுள்ள 33 கேள்விகளில் அதுவும் இல்லை. நீங்கள் சொல்வதைப் பிறர் பார்வையிடவோ, நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிரான சான்றாகக் காட்டவோ 15ஆம் பிரிவு இடம் தரவில்லை.

2011இல் வீடற்றவர்கள் பிப்ரவரி 28 இரவில் எண்ணப்பட்டனர். ரயில் நிலையத்தின் வெளிப்புறம், மேம்பாலங்களின் அடி, பூ மூட்டைகள் வந்து இறங்குவதற்கு முந்தைய சந்தை நடைபாதை எனக் கணக்கெடுப்பாளர்கள் உறங்குபவர்களைத் தேடிச் சென்றனர். மார்ச் 1 முதல் 5 வரை எல்லா வாசல்களுக்கும் மீண்டும் ஒரு சுற்று. முதல் வருகைக்குப் பின், மார்ச் 1 பிறக்கும் நள்ளிரவுக்கு முன் அவ்வீட்டில் குழந்தை பிறந்திருந்தால் ஒரு வரி சேர்ப்பார்கள். அதற்குள் யாரேனும் இறந்திருந்தால், அவருடைய வரியை அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள்.