இறுகிய மண்ணும் இளைத்த கடலையும்



முன்பு சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்து, 2022 முதல் தனி மாவட்டத் தலைநகராய் விளங்கும் திருப்பதியைச் சுற்றிலும் செம்மண் நிலங்கள் பல உள. மழையை நம்பிய அந்நிலங்களின் பழம்பயிர் வேர்க்கடலை. தெலுங்கர் இதனை வேருசெனக என்பர். வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற நம்மவர் மணிலாக்கொட்டை என்பர். திருப்பதியிலுள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் இப்பயிரில் நல்ல இரகங்கள் பலவற்றை உருவாக்கித் தந்துள்ளது. ஆயினும், நல்விதை இட்டு, உரமிட்டு, மழை பெய்தும் சில வயல்களில் காய் பிடிப்பதில்லை. காரணம் யாது? பல இடங்களில் அது மண்ணின் இறுக்கமே.

நல்ல மண்ணின் பருமனில் ஏறக்குறையப் பாதியே திடப்பொருள். மறுபாதி, நீரும் காற்றும் உலவும் நுண்துளைகள். ஈரம் மிகுந்த நிலத்தில் டிராக்டர் ஏறினால் அத்துளைகள் நசுங்கிவிடும். ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுவதால், கொழுமுனைக்குக் கீழே பலகைபோன்ற கடினப் படலம் ஒன்றும் உண்டாகும். மேல்மண் பொலபொலவென்றிருப்பதால் உழவர் கண்ணுக்கு அது புலப்படுவதில்லை. ஆனால் மழைநீர் உள்ளிறங்காது வழிந்தோடும். வேர் கீழே செல்லாது பக்கவாட்டில் திரும்பும். சிறு வறட்சிக்கே பயிர் வாடும். காற்றின்மையால், வேர்முடிச்சுகளில் தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிர்களும் நலிவுறும்.

கடலைக்கு இன்னும் ஓர் இடர் உண்டு. பூ மண்ணுக்கு மேலே மலர்ந்தாலும், கருவுற்றபின் அதன் மெல்லிய விழுது மண்ணுள் இறங்கினால்தான் காய் உண்டாகும். செம்மண்ணோ காய்ந்தால் ஓடுபோல் கெட்டிப்படும் இயல்பினது. விழுது புக இயலாவிடின் பூத்த பூ வீணே. அறுவடையிலும் செடியைப் பிடுங்குகையில் காய்கள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும்.

இதற்குப் பரிகாரம் உண்டு. நல்ல மழைக்குப் பின் கூரிய இரும்புக் கம்பியொன்றை நிலத்தில் ஊன்றிப் பாருங்கள். ஒரு சாண் அளவில் கம்பி திடீரெனத் தடைப்பட்டால் கடினப் படலம் இருக்கிறதென்று கொள்ளலாம். அத்தகைய நிலத்தைக் கோடையில், மண் உலர்ந்திருக்கும்போது, உளிக்கலப்பையால் அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறவேண்டும். பின்பு ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் இடுதல் நன்று. உரமின்றிக் கீறிய மண் விரைவில் மீண்டும் இறுகிவிடும். விதைத்த 40, 45ஆம் நாளில் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்தால், விழுது எளிதில் இறங்கும், காயும் திரளும்.

வாடகை டிராக்டர் நாளை கிடைக்குமோ என்னும் கவலையால், சேற்று நிலத்தையே உழுவித்துவிடுவோர் பலர். அவசரம் இயல்பே, ஆனால் அந்த ஒரு நாள் உழவு பல ஆண்டு விளைச்சலைக் கெடுக்கும். ஒரு பிடி மண்ணைப் பிசைந்து உருட்டுங்கள். திரியாகத் திரண்டால் பொறுத்திருங்கள், உதிர்ந்தால் உழலாம். ஊரில் நிலத்தை உடன்பிறந்தாரிடம் ஒப்படைத்து வந்த அன்பர்கள், இவ்வொரு செய்தியையேனும் அவர்களுக்குச் சொல்லியனுப்புவீர்களாக.