வயிற்று வலியின் முகவரி – 9: காய்ச்சலும் இல்லை, கல்லும் இல்லை!

சென்ற வாரம் குடல்வாலைப் பார்த்தோம். இந்த வாரம் அதற்கு மேலே, கல்லீரலை ஒட்டிக் கிடக்கும் பித்தப்பை.

கல்லீரல் சுரக்கும் பித்தநீரைச் சேர்த்துவைத்து, எண்ணெய்ப் பண்டம் உள்ளே போனதும் பிழிந்து குடலுக்கு அனுப்புவது இதன் வேலை. பையின் வாயில் கல் போய் அடைத்துக்கொண்டால் பித்தநீர் தேங்கும். பை புடைத்துப் புண்ணாகும். கிருமி சேர்ந்தால் சீழ் பிடிக்கும். இதுதான் பித்தப்பை அழற்சி. பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் கல்தான்.

வலது விலாவுக்குக் கீழே விடாத வலி, வாந்தி, காய்ச்சல் என்று வருகிறவரிடம் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மருத்துவர் விலா விளிம்புக்கு அடியில் விரல்களைப் பதித்து, "மூச்சை நல்லா உள்ளே இழுங்கம்மா" என்பார். மூச்சு உள்ளே போகப் போகக் கல்லீரல் கீழே இறங்கும். வீங்கிய பித்தப்பை வந்து விரலில் இடிக்கும். பாதி மூச்சிலேயே "ஐயோ" என்று நிறுத்திவிடுவார் நோயாளி. சிகாகோ அறுவை மருத்துவர் ஜான் பெஞ்சமின் மர்ஃபி 1903-ல் விவரித்த சோதனை இது. இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறோம்.

சிக்கல் எங்கே என்றால், இந்த நோய் யாரை அதிகம் பதம் பார்க்குமோ அவர்களிடம்தான் இந்த அடையாளங்கள் மங்கிப்போகின்றன.

எழுபது வயதைத் தாண்டிய, பல வருடமாகச் சர்க்கரை உள்ள ஒரு பாட்டியை எடுத்துக்கொள்வோம். "ரெண்டு நாளா சாப்பாடு இறங்கல டாக்டர். அம்மா சம்பந்தமில்லாம பேசுறாங்க" என்கிறார் மகன். காய்ச்சல் இல்லை. வயிற்றை அழுத்தினால் லேசாக முகம் சுளிக்கிறார், அவ்வளவுதான். ரத்தத்தில் வெள்ளணுக்கள்கூட ஏறாமல் இருக்கலாம். பக்கவாதமோ, சிறுநீர்த் தொற்றோ என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். வயதாக ஆக, தொற்றுக்குக் காய்ச்சலால் பதில் சொல்லும் திறன் குறைகிறது; நாள்பட்ட சர்க்கரை, வலியைக் கடத்தும் நரம்புகளை மழுக்கிவிடுகிறது. உள்ளே பை அழுகிக்கொண்டிருக்கும். வெளியே தெரிவது தடுமாற்றம் மட்டும்.

இன்னும் சிலருக்கு வலி இடம் மாறி வரும். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து கிளம்புவதால், பித்தப்பையின் வலி வலது தோளில் தெரியும். நடு மேல்வயிற்றில் தொடங்கி நெஞ்சுக்கு ஏறினால் மாரடைப்பு போலவே இருக்கும். ஈசிஜியில்கூடச் சில மாற்றங்கள் தென்படலாம். அப்போது இதயத்தை முதலில் சந்தேகிப்பதுதான் சரி. ஆனால் ஈசிஜியும் ட்ரோபோனின் பரிசோதனையும் திரும்பத் திரும்ப நன்றாக வந்த பிறகும் வலி நிற்கவில்லையென்றால், வயிற்றுக்கு ஒரு ஸ்கேன் பார்த்தாக வேண்டும்.

கல்லே இல்லாமல் வரும் அழற்சியும் உண்டு. பெரிய அறுவை சிகிச்சை, தீக்காயம், விபத்து என்று ஐசியூவில் நாள்கணக்கில் வாய்வழி உணவின்றிக் கிடப்பவர்களுக்குப் பித்தநீர் தேங்குகிறது, பைக்கு ரத்த ஓட்டமும் குறைகிறது. வென்டிலேட்டரில் இருப்பவரால் "வலிக்குது" என்று சொல்லவும் முடியாது. காரணம் பிடிபடாத காய்ச்சல் என்றால் படுக்கையிலேயே அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்ப்பது இதனால்தான்.

அந்த ஸ்கேனில் பித்தப்பைச் சுவர் 3 மில்லிமீட்டரைத் தாண்டித் தடித்திருக்கிறதா, சுற்றிலும் நீர் கோத்திருக்கிறதா, கருவியை அழுத்தும்போது வலிக்கிறதா என்று பார்ப்பார்கள். இங்கேதான் எதிர்த்திசையில் ஒரு கண்ணி. டெங்குவில் ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிவதால் பித்தப்பைச் சுவர் தடித்துத் தெரியும். ஈரல் சுருக்கம், இதயச் செயலிழப்பு ஆகியவற்றிலும் அப்படியே. டெங்கு தணியும்போது பெரும்பாலும் சுவரும் தானே பழைய நிலைக்கு வந்துவிடும். தட்டணுக்கள் குறைந்து கிடக்கும் அந்த நேரத்தில், ஸ்கேன் தாளை மட்டும் நம்பிக் கத்தியை எடுத்தால் விபரீதம்.

அதனால்தான் 2018-ன் டோக்கியோ வழிகாட்டுதல் மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது: வயிற்றில் அறிகுறி, உடலில் அழற்சிக்கான தடயம், ஸ்கேனில் சான்று. மூன்றும் இருந்தால் உறுதி. முதல் இரண்டும் மட்டும் இருந்தால் சந்தேகம். பாட்டியைப் போன்றவர்களிடம் அந்த இரண்டுமே தேறாமல் போகும். அங்கே கைகொடுப்பது ஹைடா ஸ்கேன். சிறிதளவு கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். கல்லீரல் அதைப் பித்தநீரோடு வெளியேற்றும். மணிக்கணக்கில் காத்திருந்தும் பித்தப்பையில் மருந்து சேரவில்லையென்றால் அனேகமாக வழி அடைபட்டிருக்கிறது என்று பொருள்.

நம் பங்குக்குச் செய்ய வேண்டியவை இரண்டு. மேல்வயிற்று வலி ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் "கேஸ்தான்" என்று சோடா குடித்துச் சமாளிக்காதீர்கள். என்றைக்கோ எடுத்த ஸ்கேனில் "பித்தப்பையில் கல் இருக்கு, தொந்தரவு இல்லேன்னா விட்டுடலாம்" என்று சொல்லியிருந்தால், அந்த ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்தி ஒவ்வொரு மருத்துவரிடமும் காட்டுங்கள். குழம்பிப் பேசும் பாட்டியின் மருத்துவரை மூளையிலிருந்து வயிற்றுக்குத் திருப்ப அந்த ஒரு தாள் போதும்.

பித்தப்பையிலிருந்து நழுவிய கல் கணையத்தின் வாசலில் போய் அடைத்துக்கொண்டால்? அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)