மண்ணுக்குள்ளே ஒரு பொம்மை!

குழந்தைகளே! பிள்ளையார் சதுர்த்தி அன்று கடைத்தெருவில் பிள்ளையார் செய்வதை வேடிக்கை பார்த்திருக்கிறீர்களா? களிமண்ணை ஓர் உருண்டை எடுத்து, அச்சில் அப்பி, அழுத்தி, மெல்ல எடுத்தால்... தொந்தியும் தும்பிக்கையுமாக ஒரு பிள்ளையார்! அடுத்த நிமிடமே அவரைப் போலவே இன்னொருவர்!

இதே வித்தையை சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பு கிரேக்க நாட்டுக் கைவினைஞர்களும் செய்தார்கள். பொம்மையின் முன்பக்கத்தை அச்சில் எடுத்து, பின்பக்கத்தை அதோடு ஒட்டினார்கள். உள்ளே வெறும் கூடு. முதுகில் ஓர் ஓட்டை. ஓட்டை எதற்கு? சூளையில் சுடும்போது உள்ளே இருக்கும் ஈரமும் காற்றும் வெளியேற வழி வேண்டும். இல்லாவிட்டால் பொம்மை வெடித்துவிடும்! வெள்ளைப் பூச்சின் மேல் நீலம், சிவப்பு என்று வண்ணமும் தீட்டினார்கள்.

காலியான கல்லறைகள்

ஏதென்ஸ் நகருக்கு வடக்கே தனக்ரா என்று ஓர் ஊர். 1870-ஆம் ஆண்டு வாக்கில் அங்கே பழைய கல்லறைகளில் இந்தச் சுடுமண் பொம்மைகள் ஏராளமாகக் கிடைத்தன. மேலாடையைப் போர்த்திக்கொண்டு, சிலர் தொப்பியும் விசிறியுமாக, அழகழகான பெண் உருவங்கள். பெரும்பாலும் ஒரு சாண் உயரம்தான்.

பாரிஸ், பெர்லின் நகரங்களில் இவற்றுக்கு நல்ல விலை கிடைத்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? மண்வெட்டியோடு கிளம்பிவிட்டார்கள் பலர். 1874-ல் தொல்லியல் அறிஞர்கள் முறையாகத் தோண்ட வந்தபோது, ஆயிரக்கணக்கான கல்லறைகள் ஏற்கெனவே காலி!

'பொம்மைகள்தான் அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கின்றனவே, அப்புறம் என்ன நஷ்டம்?' என்று கேட்கிறீர்களா?

நஷ்டம் பெரியது. எந்தப் பொம்மை எந்தக் கல்லறையில் இருந்தது? அது குழந்தையின் கல்லறையா, பாட்டியின் கல்லறையா? பக்கத்தில் வேறு என்ன இருந்தது? தோண்டி எடுத்தவர்கள் எழுதி வைக்கவில்லை. அதனால் இந்தப் பெண்கள் தெய்வங்களா, சாதாரண மனிதர்களா, இறந்தவரோடு இவர்களை ஏன் வைத்தார்கள் என்று அறிஞர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டே இருக்கிறார்கள். போதாக்குறைக்கு, ஆசைப்பட்டு வாங்குபவர்களை ஏமாற்றப் போலிப் பொம்மைகளும் செய்யப்பட்டன.

அம்மா பொம்மை, பெண் பொம்மை

பொம்மையை மட்டும் வைத்துச் சில விஷயங்களைக் கண்டுபிடிக்க முடியும். களிமண் காயும்போதும் சுடும்போதும் கொஞ்சம் சுருங்கும். ஒரு பொம்மையின் மேல் களிமண்ணை அப்பிப் புது அச்சு எடுத்து, அதில் செய்தால், அடுத்த பொம்மை முதலாவதைவிடச் சிறியதாக இருக்கும். அதிலிருந்து இன்னொன்று செய்தால் அது இன்னும் சிறியது! அளவெடுத்துப் பார்த்தே எது அம்மா, எது பெண், எது பேத்தி என்று சொல்லிவிடுவார்கள்.

போலியைப் பிடிக்கவும் வழி உண்டு. சுட்ட மண்ணில் உள்ள மணல் துகள்கள் ஆண்டுக்கணக்கில் இயற்கைக் கதிர்வீச்சின் ஆற்றலைச் சேமித்து வைக்கும். துளி மாதிரியை எடுத்துச் சூடாக்கினால் அந்த ஆற்றல் ஒளியாக வெளிவரும். பழைய பொம்மை என்றால் ஒளி அதிகம். அண்மையில் சுட்டது என்றால் மிகக் குறைவு. இதற்கு வெப்ப ஒளிர்வு முறை என்று பெயர்.

ஆனால், 'நீ எங்கே இருந்தாய்?' என்ற கேள்விக்கு மட்டும் எந்தக் கருவியும் பதில் சொல்லாது.

நம்ம ஊரில்...

திருவள்ளூர் பக்கம் பட்டரைப்பெரும்புதூர் என்ற ஊரில் 2015-16-ல் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. அங்கே சுடுமண் உறைகிணறு கிடைத்தது. யோசித்துப் பாருங்கள். அந்த உறையில் ஒரு துண்டை மட்டும் யாராவது எடுத்து வந்து காட்டினால், 'ஏதோ உடைந்த பானை' என்றுதான் சொல்லுவோம். மண்ணுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இருந்ததைப் பார்த்ததால்தான் அது கிணறு என்று தெரிந்தது. கிணறு இருந்தால் அங்கே மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள்!

கீழடியில் 2018-ல் நடந்த அகழாய்வில் 13 மனித உருவங்களும் 3 விலங்கு உருவங்களும் சுடுமண்ணில் கிடைத்தன. கீழடி மக்கள் வாழ்ந்த இடம். பக்கத்தில் உள்ள கொந்தகைதான் அவர்களுடைய இடுகாடு. எனவே இவை தனக்ரா பொம்மைகளைப் போலக் கல்லறையில் வைத்தவை அல்ல, மக்கள் புழங்கிய இடத்தில் இருந்தவை என்று தெரிகிறது. எந்தக் குழி, எத்தனை ஆழம் என்று குறித்து வைத்ததால் வந்த பலன் இது.

நீங்கள் என்ன செய்யலாம்?

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி பகுதிகளில் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் தோண்டுகிறார்கள்; ஏரியில் சவுடு மண் எடுக்கிறார்கள். அப்படித் தோண்டிய இடத்தில் மண் பொம்மையோ, கறுப்பு சிவப்புப் பானை ஓடோ உங்கள் கண்ணில் பட்டால், குழிக்குள் இறங்காதீர்கள். அதைப் பிடுங்கி எடுக்காதீர்கள், கழுவாதீர்கள். இடத்தை நன்றாக நினைவில் வைத்துக்கொண்டு அப்பா, அம்மாவிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். அவர்கள் கிராம நிர்வாக அலுவலர் மூலம் தகவல் தெரிவிப்பார்கள். புதையலைப் பற்றி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது.

ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணியில் அரசுப் பள்ளி மாணவர்கள் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் அமைத்து, பழைய பானை ஓடுகளையும் காசுகளையும் அடையாளம் கண்டு சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பள்ளியிலும் ஆரம்பிக்கலாமே!

ஒரு விடுமுறை நாளில் பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போனால், அங்கே உள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தையும் பார்த்து வாருங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் ஊர்ப் பெயர் எழுதியிருக்கிறதா என்று கவனியுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால்தான் தனக்ரா பொம்மைகள் பாதிக் கதையோடு நிற்கின்றன!