பிறந்தகம் வரும் மீன்

ஒரு பெண்மணி பிடித்த மீன் அது. நூறு வருஷங்களுக்கு மேல் ஆகியும், பிரிட்டன் முழுவதிலும் தூண்டில் போட்ட எந்த ஆண்பிள்ளையாலும் அதைவிடப் பெரிய ஸால்மனைக் கரை சேர்க்க முடியவில்லை! எடை 64 ராத்தல். இன்றைய கணக்கில் 29 கிலோ. ஏறக்குறைய ஒன்பது வயதுக் குழந்தையின் எடை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அந்த மீன் அகப்பட்ட இடம் ஸ்காட்லாந்து தேசத்தில் ஓடும் டே நதி. பெயரைக் கேட்டால் யாரோ யாரையோ அதட்டிக் கூப்பிடுவது போல் இருக்கிறதல்லவா? ஆனால் நதி என்னவோ கம்பீரமானது. ஸ்காட்லாந்தின் நதிகளில் இதுதான் மிக நீளமானது. ஏறக்குறைய 190 கிலோ மீட்டர். மேற்கே மலையில் பிறந்து, டே என்ற பெயரே கொண்ட ஏரியில் புகுந்து புறப்பட்டு, கென்மோர், டன்கெல்ட், பெர்த் ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு, டண்டீ நகரத்துக்கு அருகே வடகடலைச் சேர்கிறது. தண்ணீர் வரத்தில் இதற்கு ஈடான நதி பிரிட்டனில் வேறு இல்லை.

ஸால்மன் மீனுக்கு இரண்டு வீடு உண்டு. பிறந்த வீடு ஆறு. புகுந்த வீடு கடல். ஆற்றில் குஞ்சாக இரண்டு மூன்று வருஷம் வளர்ந்து, பிறகு கடலுக்குப் போய்விடும். நார்வே, கிரீன்லாந்து ஓரம் வரை சென்று, வயிறாரத் தின்று கொழுக்கும். ஒரு வருஷமோ, இரண்டு மூன்று வருஷமோ கழித்து, நம் வீட்டுப் பெண்கள் பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிற மாதிரி, முட்டையிடுவதற்குப் பிறந்த ஆற்றுக்கே திரும்பிவிடும். வழி காட்டுவது யார்? கரையை நெருங்கியதும் மூக்குத்தான் என்கிறார்கள் விஞ்ஞானிகள். பிறந்த ஆற்றுத் தண்ணீரின் வாசனை அதற்கு மறப்பதில்லையாம்!

இன்னொரு விந்தை. ஆற்றுக்குள் நுழைந்த பிறகு ஸால்மன் சாப்பிடுவதே இல்லை. கடலில் சேர்த்த கொழுப்பைக் கொண்டே மாதக்கணக்கில் விரதம் காக்கிறது. அப்படியானால் தூண்டிலில் ஏன் வாய் வைக்கிறது? கோபமா, பழைய பழக்கமா? இந்த வழக்கில் இன்னும் தீர்ப்பு ஆகவில்லை.

பனியில் திறப்பு விழா

டே நதியில் மீன் பிடிக்க ஜனவரி 15-ந் தேதி கதவு திறக்கிறது. அக்டோபர் 15-ந் தேதி அடைக்கிறது. திறப்பு நாளன்று கென்மோர் கிராமத்தில் ஒரே அமர்க்களம். பைப் வாத்தியக்காரர்கள் முன்னே ஊதிக்கொண்டு போக, தூண்டில்காரர்கள் பின்னே அணிவகுத்து ஆற்றங்கரைக்குப் போவார்கள். நாம் புது வண்டிக்குத் தேங்காய் உடைக்கிறோம். அவர்கள் படகின் முனையில் விஸ்கியை ஊற்றுகிறார்கள். தேசத்துக்குத் தேசம் சம்பிரதாயம்!

அன்றைய குளிரைக் கேட்கவேண்டாம். தூண்டில் கோலில் நூல் ஓடும் வளையங்களில் பனி உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆனாலும் அந்தப் பருவத்தில் ஆற்றுக்கு வரும் ஸால்மனுக்குத் தனி மதிப்பு. வெள்ளியை உருக்கி வார்த்தாற்போல் பளபளப்பு. உடம்பிலே அபார வலிமை.

தூண்டில்காரருக்குத் துணையாக ஓர் ஆள் உண்டு. படகு செலுத்துவது, எந்த மடுவில் மீன் நிற்கும் என்று சொல்வது, அகப்பட்ட மீனை வலையில் ஏந்துவது எல்லாம் அவர் வேலை. அவருக்குப் பெயர் ‘கில்லி’. நம் ஊர்ப் பிள்ளைகள் விளையாடும் கில்லி அல்ல. ஏவல் செய்யும் பையன் என்று பொருள்படும் பழைய கேலிக் மொழிச் சொல். பெயர்தான் பையன், பெரிய பெரிய கனவான்களும் ஆற்றங்கரையில் அவர் பேச்சைத்தான் கேட்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஸால்மனுக்கு விடுமுறை. அன்று ஸ்காட்லாந்தில் யாரும் அதற்குத் தூண்டில் போடக் கூடாது என்பது சட்டம்.

வசந்தத்தில் வழியனுப்பு

ஏப்ரல், மே மாதங்களில் ஆற்றில் இரண்டு திசையிலும் போக்குவரத்து. வளர்ந்த மீன்கள் மேலே வந்துகொண்டிருக்க, விரல் நீளத்தைக் கொஞ்சம் தாண்டிய இளங்குஞ்சுகள் புள்ளிச் சட்டையைக் கழற்றிவிட்டு, வெள்ளி உடுப்பு மாட்டிக்கொண்டு கூட்டங் கூட்டமாகக் கடலுக்குப் புறப்படுகின்றன.

மேலே வருகிற மீனுக்கு வழியிலே இடைஞ்சலும் உண்டு. டே நதியின் உபநதியான டம்மல் ஆற்றில், பிட்லாக்ரி என்ற ஊரில், மின்சாரத்துக்காக 1947-ல் தொடங்கி ஓர் அணை கட்டினார்கள். அணை வந்தால் மீன் எப்படி ஏறும்? அதற்கென்றே பக்கத்தில் ஒரு படிக்கட்டு அமைத்தார்கள். 310 மீட்டர் நீளம், 34 தொட்டிகள். ஒவ்வொரு தொட்டியாக நீந்தி ஏறி, மீன் அணைக்கு மேலே போய்விடுகிறது. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் குழந்தைகளோடு நின்று காத்திருப்பார்கள்.

கோடையும் இறகுப் பூச்சியும்

கோடையில் அங்கே இரவு பத்து மணி வரை வெளிச்சம். தண்ணீர் வற்றிச் சூடேறினால் மீன்கள் ஆழமான மடுவில் அசையாமல் நிற்கும். ஒரு நல்ல மழை பெய்து புது வெள்ளம் வரவேண்டும், உடனே புறப்பட்டுவிடும். ஒரே வருஷம் கடலில் இருந்துவிட்டு வரும் சிறிய ஸால்மன்களுக்கு இதுதான் வருகைக் காலம்.

இந்த நாட்களில் தூண்டில் முள்ளில் புழு இருக்காது. பறவை இறகு, மிருக ரோமம், பட்டு நூல், ஜரிகை இவற்றை முள்ளிலே சுற்றிக் கட்டிய செயற்கைப் பூச்சிதான் இருக்கும். இந்தக் கைவேலையில் ஸ்காட்லாந்து முழுவதும் புகழ் பெற்றவர் ஒரு பெண்மணி. வடக்கே பிரோரா என்ற ஊருக்கு அருகில், சிறு குடிலில் தனியாக வாழ்ந்த மெகன் பாய்ட். அவர் கட்டிய பூச்சிக்காக ராஜகுமாரரான சார்லஸே வாடிக்கையாளராக இருந்தார். 1971-ல் அரசாங்கம் அவருக்குப் பதக்கம் அளித்தபோது, தம் நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சொல்லி விழாவுக்கே போகவில்லையாம் அந்த அம்மாள்! வாழ்நாளெல்லாம் மீனுக்குப் பூச்சி கட்டியவர், தாம் மட்டும் தூண்டில் போட்டதில்லை. 2001-ல் காலமானார்.

இலையுதிர் காலத்து அதிசயம்

அக்டோபர் பிறந்தால் கரையோர மரங்கள் பொன்னாகி உதிரத் தொடங்கும். பருவம் முடியப் போகிற அவசரம். 1922-ம் வருஷம் அக்டோபர் 7-ந் தேதி, சனிக்கிழமை. கேபுத் கிராமத்தின் அருகே மிஸ் ஜார்ஜினா பாலன்டைன் தம் தகப்பனாருடன் படகில் இருந்தார். தகப்பனார் அவ்வூர்ப் பிறப்பு இறப்புப் பதிவு ரிஜிஸ்திரார். படகு செலுத்துவதிலும் கைதேர்ந்தவர். முதல் உலக யுத்தத்தில் நர்ஸாகப் பணியாற்றிய மகளுக்கு அப்போது வயது 32.

மாலை ஆறேகால் மணிக்கு நூல் இழுத்தது. அவ்வளவுதான், மீன் ஆற்றோடு கீழ்நோக்கிப் பாய்ந்தது. பாலத்துத் தூணில் நூல் சிக்கினால் எல்லாம் போயிற்று. எப்படியோ தப்பித்துப் பாலத்தைக் கடந்தார்கள். இருட்டிவிட்டது. கை மரத்துப் போயிற்று. ஆனாலும் கோலை விடவில்லை அந்தப் பெண். 2 மணி 5 நிமிஷப் போராட்டத்துக்குப் பிறகு தகப்பனார் கொக்கி போட்டு மீனைப் படகுக்குள் இழுத்தார்.

மீனைப் பெர்த் நகரத்துக் கடை ஜன்னலில் வைத்தார்கள். ஜனங்கள் முண்டியடித்துப் பார்த்தார்கள். கூட்டத்தில் நின்ற கிழவர் ஒருவர், இதை ஒரு பெண் பிடித்தாள் என்பது சுத்தப் பொய் என்று அடித்துச் சொன்னாராம். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் ஜார்ஜினாவேதான்! பிறகு அந்த மீன் பெர்த் ஆஸ்பத்திரிக்குப் போய், நோயாளிகளுக்கும் ஊழியர்களுக்கும் விருந்தாயிற்று.

கிழவர் இன்னும் இரண்டு வருஷம் பொறுத்திருக்கலாம். 1923-ல் வை நதியில் மிஸ் டோரீன் டேவி 59½ ராத்தல் மீன் பிடித்தார். 1924-ல் டெவரான் நதியில் திருமதி மாரிஸன் இறகுப் பூச்சி கொண்டே 61 ராத்தல் மீன் பிடித்தார். அடுத்தடுத்து மூன்று வருஷம், மூன்று பெண்கள்!

தாய் தோண்டும் தொட்டில்

பருவம் அடைத்த பிறகுதான் நதியின் உண்மையான வேலை ஆரம்பம். நவம்பர், டிசம்பர் மாதங்களில், சில்லென்று ஓடும் சிற்றோடைகளில், தாய்மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் கூழாங்கல்லைப் பறித்துப் பள்ளம் தோண்டுகிறது. ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு, மறுபடி கல்லால் மூடுகிறது. அதற்குள் வெள்ளி நிறம் போய், உடம்பு கறுத்து இளைத்துவிடும். முட்டையிட்டபின் பெரும்பாலானவை இறந்துபோகும். ஒரு சிலதான் தட்டுத் தடுமாறிக் கடலுக்குத் திரும்பி, இன்னொரு தடவை பிறந்தகம் வரும் பாக்கியம் பெறுகின்றன.

வருகை குறைந்தது ஏன்?

அப்படி வருகிற மீன்தான் இப்போது குறைந்துவிட்டது. ஸ்காட்லாந்து நதிகள் எல்லாவற்றிலும் சேர்த்து, 2010-ல் தூண்டிலில் பிடிபட்ட ஸால்மன் 1 லட்சத்து 10 ஆயிரத்துக்கும் மேல். 2023-ல் சுமார் 33 ஆயிரம்தான்; 1952-ல் கணக்கெடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு குறைந்ததே இல்லை. அதே 2023 டிசம்பரில், பிரிட்டனின் ஸால்மனை அழியும் ஆபத்தில் உள்ள ஜீவன் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அறிவித்துவிட்டது.

காரணம் ஒன்றல்ல. கடல் சூடேறி, அங்கே இரை குறைகிறது. ஆற்றுத் தண்ணீரும் நிழலில்லாமல் சூடேறுகிறது. அணைகள் வழி மறிக்கின்றன. மேற்குக் கரையில் கூண்டு கட்டி வளர்க்கும் பண்ணை ஸால்மன்களிலிருந்து பேன் போன்ற ஒட்டுண்ணிகள் காட்டு மீனைத் தொற்றுகின்றன. ஸ்காட்லாந்தில் இன்று கடையில் வாங்கும் ஸால்மன் பெரும்பாலும் பண்ணை மீன்தான். தூண்டிலில் பிடித்ததை விற்பதற்கு 2002 முதல் அங்கே தடை.

ஆகவே தூண்டில்காரர்களும் மாறிவிட்டார்கள். ஏப்ரல் முதல் தேதிக்கு முன் பிடித்த மீனை ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது 2015 முதல் சட்டம். ஆனால் சட்டம் கேட்காத மாதங்களிலும் அவர்கள் விட்டுவிடுகிறார்கள். 2023-ல் பிடிபட்டவற்றில் நூற்றுக்கு 96 மீன்கள் மறுபடி தண்ணீருக்கே போயின. வலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்து, முள்ளை மெதுவாக எடுத்து, நீரோட்டத்துக்கு எதிர்முகமாக மீனைத் தாங்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்கு மூச்சு வந்து, தானாக வாலை அசைத்துப் போகும் வரை கையை எடுப்பதில்லை. மலையோடைகளின் கரையில் நிழலுக்காக மரக்கன்றுகளும் நடுகிறார்கள்.

ஜார்ஜினா பாலன்டைன் 1970-ல் காலமானார். அவர் மீனின் அச்சுப் பிரதி பெர்த் நகரத்துக் காட்சிசாலையில் இருக்கிறது. அந்த 64 ராத்தலை இனி யாராவது மிஞ்சுவார்களா? அவ்வளவு பெரிய மீன் ஒன்று மறுபடி டே நதிக்கு வந்து, யார் கையிலாவது அகப்பட்டால், அநேகமாக அதைத் தராசில் ஏற்றமாட்டார்கள், தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். பிரசவத்துக்கு வந்தவளை வாசலோடு யாராவது மறிப்பார்களா?