கார் குலுங்குதா? பெட்ரோல் பம்பை மாற்றும் முன் இதைப் பாருங்க

சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங் லேசாக நடுங்குகிறது. பச்சை விழுந்ததும் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், ஒரு நொடி திணறிவிட்டுத்தான் வண்டி நகர்கிறது. ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் பானெட்டைத் திறந்த ஐந்தாவது நிமிடமே, "பெட்ரோல் பம்ப் வீக் ஆயிடுச்சு சார், மாத்திடலாம்" என்கிறார்கள். மாற்றுகிறோம். இரண்டு நாள் கழித்து அதே நடுக்கம். அடுத்து இன்ஜெக்டர், அதற்கடுத்து சென்சார் என பில் மட்டும் நீள்கிறது.

பம்ப் உண்மையிலேயே போயிருக்கலாம். ஆனால் அது டேங்குக்குள் உட்கார்ந்திருக்கும் பாகம். பல கார்களில் பின் சீட்டைத் தூக்கித்தான் அதைத் தொடவே முடியும். அளந்து பார்க்காமல் மாற்றுகிற சாமான் இல்லை அது.

இன்ஜினுக்குக் காற்று, பெட்ரோல், தீப்பொறி மூன்றும் சரியான அளவில் கிடைக்க வேண்டும். ஒன்று தவறினாலும் அந்த சிலிண்டரில் எரிப்பு ஒழுங்காக நடக்காது. மெக்கானிக்குகள் 'மிஸ்ஸிங்' என்று சொல்வது இதைத்தான். மற்ற சிலிண்டர்கள் எப்படியோ வண்டியை இழுத்துவிடும். அந்த ஏற்றத்தாழ்வுதான் நம் கைக்கு நடுக்கமாகத் தெரிகிறது. இன்னொன்று, நம் ஊரில் ஏராளமாக ஓடும் மூன்று சிலிண்டர் கார்கள் ஐடிலிங்கில் இயல்பாகவே கொஞ்சம் அதிரும். அதற்கு வைத்தியம் பார்க்க வேண்டாம். புதிதாக வந்த நடுக்கமா என்பதுதான் முக்கியம்.

எப்போ குலுங்குது?

மெக்கானிக்கிடம் "வண்டி சரியில்ல" என்று மட்டும் சொல்லாதீர்கள். எப்போது குலுங்குகிறது என்று கவனித்துச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

நின்றால் நடுங்குகிறது, வேகம் பிடித்ததும் சரியாகிவிடுகிறது என்றால், காற்று எங்கோ கசிந்து உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். வெடித்த வேக்வம் ஹோஸ், அழுக்கடைந்த த்ராட்டில் பாடி ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். மாறாக, ஐடிலிங்கில் சமர்த்தாக இருந்து, மேம்பாலம் ஏறும்போதோ ஓவர்டேக் செய்யும்போதோ இழுவை இல்லாமல் போனால் பெட்ரோல் வரத்து குறைவாக இருக்கலாம். அல்லது இக்னிஷன் காயில் பலவீனமாகியிருக்கலாம். மழை நாளில் மட்டும் அடிக்கிறதா? காயில், பிளக் பக்கம் ஈரம் இறங்கியிருக்கலாம். பெட்ரோல் போட்ட சில கிலோமீட்டரிலேயே ஆரம்பித்தால், சந்தேகம் நேராகப் பங்க்குக்குப் போகிறது.

டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனர் போட்டால் கோட் வரும். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மாறி மாறி. ஒரே சிலிண்டர் என்றால் எளிதான சோதனை ஒன்று உண்டு. ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள கார்களில், இன்ஜின் ஆறிய பிறகு முதல் சிலிண்டரின் காயிலையும் இரண்டாவதன் காயிலையும் இடம் மாற்றிப் போடுவார்கள். கோட் பி0302 ஆக மாறினால் குற்றம் காயில் மீதுதான். புதுப் பாகம் எதுவும் வாங்காமலே விடை கிடைத்துவிடும்.

பி0171 வந்தால் பெட்ரோலை விடக் காற்று அதிகம் என்று அர்த்தம். உடனே ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்வார்கள். அந்த சென்சார் புகார் கொடுத்தவர். பெரும்பாலும் குற்றவாளி அவரில்லை! இங்கே ஸ்கேனரில் 'ஃப்யூயல் ட்ரிம்' எண்ணைப் பாருங்கள். குறையை ஈடுகட்ட இன்ஜின் கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் கூடுதலாகப் பெட்ரோல் தெளிக்கிறது என்பதை அது காட்டும். பொதுவாக 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஐடிலிங்கில் 20-ஐத் தாண்டி, 2,500 ஆர்பிஎம்மில் இறங்கிவிட்டால் காற்றுக் கசிவு. ஐடிலிங்கில் சரியாக இருந்து லோடு ஏற ஏற எகிறினால் பெட்ரோல் வரத்தில் குறை. பம்ப், ஃபில்டர் பக்கம் போக வேண்டியது அப்போதுதான்.

பெட்ரோலிலேயே பிரச்சினை என்றால்?

இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனாலுக்கு ஆற்றல் குறைவு. அதனால் இ10-க்கு அமைக்கப்பட்ட கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டது. மைலேஜ் இறங்கியதை மட்டும் வைத்து கோளாறு என்று முடிவு கட்ட முடியாது. ஆனால் குலுங்கல் வேறு விஷயம்.

முன்பு டேங்கில் தண்ணீர் கலந்தால் தனியாக அடியில் தங்கும். எத்தனாலோ தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் இறங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். கொஞ்சம் தண்ணீர் கூட வண்டியை நிறுத்திவிடுவது இதனால்தான். மழைக்காலத்தில் சந்தேகம் வந்தால், ஒர்க்‌ஷாப்பில் டேங்கிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் விட்டு அசையாமல் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் சந்தேகமே வேண்டாம். பங்க்கில் ஃபில்டர் பேப்பர் சோதனையும் டென்சிட்டி சோதனையும் கேட்டுப் பெற வாடிக்கையாளருக்கு உரிமை இருக்கிறது. பில்லை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பில் இல்லாமல் புகார் செய்தால் நிற்காது.

சோதனையெல்லாம் இருக்கட்டும், செக் இன்ஜின் விளக்கு சிமிட்டினால் தள்ளிப்போடக் கூடாது. நிலையாக எரிந்தால் ஓரிரு நாளில் காட்டலாம். சிமிட்டினால், எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிகிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டுங்கள். பிளக் சில நூறு ரூபாய். கன்வெர்ட்டர் பல பத்தாயிரம்.

எல்லாம் பார்த்த பிறகும் பம்ப் மீதே சந்தேகம் நின்றால், "பிரஷர் எவ்வளவு காட்டுச்சு?" என்று கேளுங்கள். சாதாரண இன்ஜெக்‌ஷன் கார்களில் சுமார் 3 முதல் 4 பார் இருக்கும். துல்லியமான எண் அந்தந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது. வண்டி நிற்கும்போது மட்டுமல்ல, இன்ஜினுக்கு லோடு கொடுத்தும் அளக்க வேண்டும். இன்ஜின் நின்ற பிறகும் பெட்ரோல் லைனில் அழுத்தம் இருக்கும் என்பதால் இதை வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். பம்பை மாற்றத்தான் வேண்டும் என்றால் டேங்கையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், அடியில் இருக்கும் கசடு புதுப் பம்பின் வலையையும் அடைத்துவிடும். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுபவர்களுக்கு ஒன்று: அந்தப் பம்பைக் குளிர்விப்பது டேங்கில் இருக்கும் பெட்ரோல்தான்.