திறமை இருந்தும் ஓடாத கால்கள்

2022 மார்ச் 9. மாட்ரிட் நகரின் பெர்னபேவ் மைதானத்தில் ஐரோப்பியக் கால்பந்தின் சாம்பியன்ஸ் லீக் ஆட்டம். ஒரு பக்கம் ரியல் மாட்ரிட், மறுபக்கம் பாரிஸ் நகரின் பி.எஸ்.ஜி. பாரிஸ் அணியின் முன்வரிசையில் மெஸ்ஸி, நெய்மார், எம்பாப்பே என்று மூன்று பெயர்கள். நெய்மார் ஒருவரை வாங்க மட்டும் அந்த அணி 2017-இல் கொடுத்தது 22 கோடியே 20 லட்சம் யூரோ. பாரிஸில் நடந்த முதல் ஆட்டத்தை அவர்கள் 1-0 என்று வென்றிருந்தார்கள். இந்த ஆட்டத்திலும் முதல் பாதியிலேயே எம்பாப்பே கோல் அடித்துவிட, மொத்தக் கணக்கு 2-0 ஆயிற்று.

61-ஆவது நிமிடத்தில் பந்து பாரிஸ் கோல்கீப்பர் டொன்னரும்மாவின் காலில் இருந்தது. ஆபத்து என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ரியல் அணியின் 34 வயது பென்சிமா அவரை விடாமல் துரத்திப்போய் நெருக்கினார். டொன்னரும்மா பதறினார். பந்து ரியல் அணியின் வினீசியஸிடம் போய், அங்கிருந்து பென்சிமாவிடமே வந்து கோலானது. 76-ஆவது நிமிடத்தில் பென்சிமாவின் இரண்டாவது கோல், 78-இல் மூன்றாவது. பதினேழே நிமிடத்தில் பாரிஸ் வெளியேறியது.

இப்படிப்பட்ட தோல்விக்குப் பிறகு உலகம் முழுக்க ரசிகர்கள் சொல்வது ஒன்றுதான்: 'திறமை இருக்கிறது, போராட்ட குணம் இல்லை.' வீரர்களின் நெஞ்சுரத்தில் குறை, சம்பளத்தில் மயங்கிவிட்டார்கள், சட்டைமேல் பற்றில்லை என்றெல்லாம் பேச்சு தொடரும். ஆனால் நூறாண்டுக்கு மேலாக ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்டது வேறு. போராட்ட குணம் ஒவ்வொருவர் நெஞ்சிலும் தனித்தனியாக ஊறும் சரக்கு அல்ல. 'நான் ஓடினால் அவனும் ஓடுவான்' என்ற நம்பிக்கைதான் அது. அந்த நம்பிக்கையைக் குலைப்பதில் திறமைக்கே பங்கு உண்டு என்பதுதான் இதில் வியப்பான செய்தி.

முதலில் ஆட்டத்தின் கணக்கைப் பார்ப்போம். 90 நிமிடத்தில் ஒரு வீரர் சுமார் 10 முதல் 12 கிலோமீட்டர் நகர்கிறார். அதில் பந்து அவர் காலில் இருப்பது ஓரிரு நிமிடம், மிஞ்சினால் மூன்று. நாம் திறமை என்று கைதட்டுவதெல்லாம் அந்தச் சில நிமிடங்களுக்குள் அடக்கம். மீதி நேரம் முழுக்க, பந்து இல்லாமல் எங்கே நிற்பது, யாரைத் துரத்துவது, எப்போது பாய்வது என்பதுதான் வேலை. அந்த வேலைக்குக் கைதட்டல் குறைவு. செய்யாமல் விட்டாலும் பெரும்பாலும் யார் கண்ணிலும் படாது.

யார் கண்ணிலும் படாத உழைப்பு என்ன ஆகும் என்பதை முதலில் அளந்தவர் மாக்சிமிலியன் ரிங்கெல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர். 1880-களில் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்துச் சோதித்தார். முடிவுகளை 1913-இல் வெளியிட்டார். தனியாக இழுக்கும் ஒருவரின் வலிமையை நூறு என்று வைத்தால், இருவர் சேரும்போது ஆளுக்கு 93, மூவர் சேரும்போது 85, எட்டுப் பேர் சேரும்போது ஏறத்தாழ 49. கூட்டம் பெருகப் பெருக ஒவ்வொருவரும் தரும் வலு சுருங்கிக்கொண்டே போயிற்று. தேர்வடம் பிடித்தவர்களுக்கு இது புரியும். முன்வரிசையில் தோள் இறுகும்; நடுவரிசையில் கை வடத்தில் இருக்கும், பாரம் இருக்காது.

எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காததால் வந்த நட்டமாக இது இருக்கலாமே என்ற ஐயம் எழுந்தது. 1974-இல் அமெரிக்காவில் ஆலன் இங்காம் குழுவினர் ஒரு தந்திரம் செய்தார்கள். முன்னால் நிற்பவரின் கண்ணைக் கட்டிவிட்டு, பின்னால் பலர் சேர்ந்து இழுக்கிறார்கள் என்று நம்பவைத்தார்கள். உண்மையில் பின்னால் இருந்தவர்கள் இழுக்கவே இல்லை. அப்படியும் அவரது இழுப்பு குறைந்தது. ஆக, ஒத்திசைவுக் கோளாறு மட்டுமே காரணம் அல்ல. மனம் தானாகவே கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. 1979-இல் பிப் லட்டானே என்ற சமூக உளவியலாளரும் அவரது சகாக்களும் கத்தவும் கைதட்டவும் வைத்துச் சோதித்தபோதும் இதே முடிவுதான். கூட்டத்தோடு கத்துகிறோம் என்று நினைத்தவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். இதை நாம் கூட்டுச் சோம்பல் என்று அழைக்கலாம். ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணம் இல்லாமலேயே நடக்கும் சோம்பல் இது.

சாதாரண மனிதர்கள் சரி. பயிற்சி பெற்ற விளையாட்டு வீரர்களுமா? 1989-இல் லட்டானே உள்ளிட்ட ஒரு குழு நீச்சல் வீரர்களைத் தொடர் நீச்சலில் சோதித்தது. ஒவ்வொருவரின் நேரமும் தனியாக அறிவிக்கப்படாதபோது அவர்கள் தனிப் போட்டியைவிட மெதுவாக நீந்தினார்கள். ஒவ்வொருவரின் நேரத்தையும் உரக்கச் சொல்லத் தொடங்கியதும் தொடர் நீச்சலில் வேகம் கூடிவிட்டது. ஆட்களும் நீச்சல் குளமும் மாறவில்லை, கணக்கு வைக்கப்படுகிறதா என்பது மட்டுமே மாறியது.

இதுவரை சொன்னது எந்தக் கூட்டத்துக்கும் பொருந்தும். நட்சத்திரங்கள் நிறைந்த அணிக்கு மட்டுமே உரிய நோய் 1983-இல் நார்பெர்ட் கெர் செய்த சோதனையில் தெரிந்தது. இருவர் இருவராக உட்காரவைத்து, ஒரு ரப்பர் குமிழை அழுத்திக் காற்றடிக்கச் சொன்னார். குறித்த அளவை இருவரில் ஒருவர் எட்டினாலே இருவருக்கும் பரிசு. கூட்டாளி திறமைசாலி, அவர் தொடர்ந்து வெற்றி பெறுகிறார் என்று தெரிந்தபோது மற்றவர் கை தளர்ந்தது. 'அவன் பார்த்துக்கொள்வான்' என்ற நிம்மதி. இது எதிர்பார்த்ததே. ஆனால் கூட்டாளி திறமைசாலி, முயன்றால் முடியும், இருந்தும் தவறிக்கொண்டே இருக்கிறார் என்று தோன்றியபோதும் மற்றவர் உழைப்பைக் குறைத்துக்கொண்டார். அதனால் தன் பரிசே குறையும் என்று தெரிந்தும் குறைத்தார். 'அவனால் முடியும்; அவனே செய்யவில்லை; நான் மட்டும் ஏமாளியா?' என்ற கசப்பு. கூட்டாளிக்கு உண்மையிலேயே திறமை போதவில்லை என்று தெரிந்தவர்களிடம் இந்தக் கசப்பு அவ்வளவாகத் தலைகாட்டவில்லை.

திறமையற்றவன் தடுமாறினால் நாம் அவனுக்கும் சேர்த்து ஓடுவோம். வல்லவன் இடுப்பில் கைவைத்து நின்றால் நம் கால் நின்றுவிடும். நட்சத்திர அணியில் இந்த இரண்டு வாசலும் எப்போதும் திறந்தே இருக்கின்றன. அணி வெல்லும்போது 'அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்', தோற்கும்போது 'அவர்களே ஓடவில்லையே'.

இன்றைய கால்பந்து இந்த நோயை இன்னும் கூர்மையாக்கியிருக்கிறது. எதிரணி தன் கோலுக்கு அருகே பந்தை வைத்திருக்கும்போதே மொத்த அணியும் முன்னேறி நெருக்குவதைப் பிரெஸ்ஸிங் என்கிறார்கள். முன்கள வீரர் ஒரு வழியை அடைப்பார். நடுக்கள வீரர் அடுத்த வழியை அடைப்பார். பின்வரிசை தன் கோலை விட்டு வெகுதூரம் மேலே வந்து நிற்கும். இதில் ஒருவர் மட்டும் ஓடாமல் நின்றால் பத்தில் ஒரு பங்கு இழப்பு என்று கணக்குப் போட முடியாது. அவர் விட்ட இடைவெளி வழியே ஒரே பாஸில் பந்து வெளியேறும். ஓடி வந்த மற்றவர்களின் உழைப்பு வீண். அவர்கள் விட்டுவந்த இடமெல்லாம் எதிரணிக்குத் திறந்த வெளி. ஓடியவனுக்குத்தான் தண்டனை, ஓடாதவனுக்கு இல்லை. இதை இரண்டு முறை அனுபவித்த நடுக்கள வீரர் மூன்றாவது முறை ஓடுவதற்கு முன் பக்கத்தில் ஒரு பார்வை பார்ப்பார். அந்த அரை விநாடித் தயக்கம்தான் தொலைக்காட்சியில் நமக்கு 'வேகமே இல்லை' என்று தெரிகிறது.

1755-இல் தத்துவவாதி ரூசோ ஒரு மான் வேட்டையைக் காட்டி இதே சிக்கலைச் சொன்னார். எல்லோரும் தத்தம் இடத்தில் நின்றால்தான் மான் சிக்கும். ஒருவன் முயலைக் கண்டு அதன் பின்னே ஓடினால் மானும் போச்சு. பிறர் நிற்பார்கள் என்று நம்புகிறவரை நிற்பதே ஒவ்வொருவருக்கும் லாபம். நம்பிக்கை போனால் நகர்வதே லாபம். இரண்டு நிலைக்கும் இடையே நடுவழி கிடையாது. ஒரு வல்ல அணி ஒன்றரை ஆட்டம் முழுக்க ஆதிக்கம் செலுத்திவிட்டுப் பதினேழு நிமிடத்தில் சரிந்துபோவதன் கணக்கு இதுதான்.

'கால் ஓயவில்லையா?' என்று கேட்கலாம். ஓய்வதிலும் மனத்தின் கணக்கு உண்டு. வேல்ஸ் நாட்டின் பாங்கர் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் மார்க்கோரா 2010-இல் வெளியிட்ட சோதனையில், ரக்பி ஆடும் இளைஞர்கள் 242 வாட் திறனில், இனி மிதிக்கவே முடியாது என்று நிறுத்தும்வரை சைக்கிள் மிதித்தார்கள். நிறுத்திய கையோடு, ஐந்தே விநாடி முழு வேகத்தில் மிதிக்கச் சொன்னார். முடியாது என்றவர்களின் கால்கள் சராசரியாக 731 வாட் திறனைக் காட்டின. அதாவது மூன்று மடங்கு. தசையில் வலு மிச்சம் இருந்தது. இந்தச் சிரமம் தகுமா என்று மூளை எடை போட்டு, தகாது என்று தீர்ப்புச் சொன்னபோதே உடல் நின்றது என்பது மார்க்கோராவின் விளக்கம். ஓடிப் பயனில்லை என்று நம்பத் தொடங்கிய வீரருக்கு 60-ஆவது நிமிடத்திலேயே கால் கனப்பது நடிப்பு அல்ல. அந்தக் கனம் உண்மையானது.

அப்படியானால் நட்சத்திரங்களே வேண்டாமா? 2014-இல் ரோடெரிக் ஸ்வாப், ஆடம் கலின்ஸ்கி உள்ளிட்டோர் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று அணிகளையும் அமெரிக்கக் கூடைப்பந்து அணிகளையும் ஆராய்ந்து, உயர்தர வீரர்களின் பங்கு ஓர் அளவைத் தாண்டினால் அணியின் ஆட்டம் கெடுகிறது என்றார்கள். ஒவ்வொருவரும் பெரும்பாலும் தனியாக ஆடும் பேஸ்பாலில் அப்படி இல்லை. ஆனால் 2021-இல் கூடைப்பந்துத் தரவுகளை வேறு குழு மறுபடி ஆராய்ந்தபோது கேடு எதுவும் தெரியவில்லை; கூடுதல் திறமையால் கிடைக்கும் பலன் மெல்லக் குறைகிறது, அவ்வளவே. ஆகவே திறமையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. அதைச் சுற்றி என்ன உடன்பாடு இருக்கிறது என்பதுதான் கேள்வி.

2022 டிசம்பரில் உலகக் கோப்பையை வென்ற அர்ஜென்டினா இதற்குச் சான்று. 35 வயது மெஸ்ஸி அங்கும் பெரும்பாலான நேரம் நடந்தார். ஆனால் டி பால், என்சோ ஃபெர்னாண்டஸ், மக் அலிஸ்டர், ஹூலியன் அல்வாரெஸ் ஆகியோர் அவருக்காகவும் சேர்த்து ஓடினார்கள். அங்கே நடப்பவர் ஒருவர், அது எல்லோரும் அறிந்து ஏற்ற ஏற்பாடு. அணியே திட்டமிட்டுக் கொடுத்த விலக்கு யாரையும் ஏமாளி ஆக்காது. கேட்காமலே மூன்று பேர் எடுத்துக்கொள்ளும் விலக்கு மற்ற ஏழு பேரையும் ஏமாளி ஆக்கும்.

பாரிஸ் அணியின் கதையும் தோல்வியோடு முடியவில்லை. 2023-இல் மெஸ்ஸியும் நெய்மாரும் போனார்கள். 2024-இல் எம்பாப்பே போனார். பயிற்சியாளர் லூயிஸ் என்ரிக்கே, பந்து இல்லாத நேரத்து உழைப்பையே அணியில் இடம் பெறும் தகுதியாக வைத்தார். அணியின் மிகச் சிறந்த முன்கள வீரரான டெம்பெலேயை 2024 அக்டோபரில் ஆர்சனலுக்கு எதிரான பெரிய ஆட்டத்தில் ஒழுங்கு காரணமாக வெளியே வைத்தார். பாரிஸ் அந்த ஆட்டத்தில் 0-2 என்று தோற்றது. ஆனால் எவருக்கும் விலக்கு இல்லை என்ற செய்தி அணி முழுக்கப் பரவியது.

2025 மே 31-ஆம் தேதி மியூனிக்கில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் அதே டெம்பெலேயைப் பார்த்தோம். இன்டர் மிலான் கோல்கீப்பர் சோமர் பந்தை வைத்து உதைக்கத் தயாராகும் ஒவ்வொரு முறையும், பெனால்டி பகுதியின் விளிம்பில் முதுகை வளைத்து, கண் இமைக்காமல், ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தத்துக்குக் காத்திருப்பவரைப்போல நின்றார். ஆட்டத்தில் அவர் ஒரு கோலும் அடிக்கவில்லை. பாரிஸ் 5-0 என்று வென்று முதல்முறையாகக் கோப்பையைத் தூக்கியது. இந்தக் கோப்பையின் இறுதி ஆட்டங்களில் அவ்வளவு பெரிய வித்தியாசம் அதற்கு முன் இல்லை. டெம்பெலே தடுத்து ஆடிய விதத்துக்காகவே உலகின் சிறந்த வீரருக்கான பலோன் தோர் விருதை அவருக்குத் தரலாம் என்றார் என்ரிக்கே. நான்கு மாதத்தில் விருதும் வந்தது. ஒழுங்குக்காக வெளியே வைக்கப்பட்டவரும், முதல் ஆளாய்ப் பாய்ந்து நின்றவரும் ஒரே மனிதர். குணம் எட்டு மாதத்தில் மாறுவதில்லை. சுற்றி இருப்பவர்கள்மீதான நம்பிக்கை மாறும்.

ஆகவே அடுத்த முறை உங்கள் அணி சோர்ந்து ஆடும்போது, பந்தையும் நட்சத்திரத்தையும் விட்டுவிட்டு, பந்து பறிபோன அடுத்த ஐந்து விநாடியைப் பாருங்கள். முதலில் துரத்துபவர் யார், அவர் துரத்தும்போது அடுத்தவர் சேர்கிறாரா என்று கவனியுங்கள். முதல் ஆள் ஓடி அடுத்த ஆள் நின்றால், வீரர்களின் நெஞ்சுரத்தைப் பழிப்பதில் பொருளில்லை. அங்கே உடைந்திருப்பது அவர்களுக்கு இடையிலான வாக்கு. அதைச் சரிசெய்யும் கடமை, விலக்கை யாருக்குக் கொடுப்பது, யாருக்கு மறுப்பது என்று முடிவு செய்யும் பயிற்சியாளருக்கும் நிர்வாகத்துக்கும் உரியது.